சொந்த அணி தோற்றதும் எழுந்த ஆரவாரம்

ஓவர்டைமில் அரிசோனாவின் சாம் காக்னர் கோல் அடிக்கிறார். அரங்கமே ஆர்ப்பரிக்கிறது.

அது பஃபலோ சேபர்ஸின் சொந்த அரங்கம்!

2015 மார்ச்சில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டம். இன்றைக்குத்தான் அந்த வீடியோ கண்ணில் பட்டது.

கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு, கானர் மெக்டேவிட் என்ற இளம் வீரரை எடுக்கும் குலுக்கலில் வாய்ப்பு அதிகம். அதற்காகத்தான் அத்தனை சத்தம்.

பக் என்ற கெட்டியான ரப்பர் வட்டு பறந்து வரும்போது குறுக்கே விழுந்து உடம்பில் அடி வாங்குகிறவர் பஃபலோவின் மைக் வெபர். ஆட்டம் முடிந்ததும் மனம் நொந்து பேசினார். நொந்துபோகாமல் என்ன செய்வார்?

ரசிகர்களையும் திட்ட மனம் வரவில்லை. தோல்விக்குப் பரிசு வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

சேபர்ஸ் 54 புள்ளிகளோடு கடைசி இடம். குலுக்கலில் வென்றதோ எட்மன்டன் அணி. மெக்டேவிட் அங்கேதான் போனார்.