மௌனப்பட மெலோடிராமாவில் இனப் பிரதிநிதித்துவம்: கட்டுரைத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

திரைப்படக் கல்வித் தாளில் இந்தக் கேள்வி வந்தால், வெள்ளை நடிகர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடித்ததைச் சொல்லிவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி விடைதான். யாருக்காக நாம் கலங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வடிவம் மெலோடிராமா. ஆகவே யார் நடித்தார் என்பதோடு, யாருடைய துன்பம் திரையில் துன்பமாக மதிக்கப்பட்டது என்றும் கேளுங்கள்.

பத்துப் படங்களின் பெயரை அடுக்க வேண்டாம், இரண்டு போதும். செசில் பி. டெமிலின் ‘தி சீட்’ (1915), கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் ‘விதின் அவர் கேட்ஸ்’ (1920) இரண்டும் அருமையான இணை. இரண்டிலும் உண்மையை வெளிக்கொண்டுவருவது ஒரு பெண்ணின் உடலில் உள்ள தழும்பு.

‘தி சீட்’ படத்தில் 10,000 டாலர் கடன் கொடுத்த ஜப்பானியச் செல்வந்தர், தன் உடைமைகளில் முத்திரை குத்தும் இரும்பைக் காய்ச்சி நாயகியின் தோளில் சுடுகிறார். நீதிமன்றத்தில் அவள் தோளைத் திறந்து காட்டியதும் கூட்டம் அவர்மீது பாய்கிறது. நடித்தவர் செஸ்ஸூ ஹயகாவா, ஜப்பானியரே. பாத்திரத்தின் இனத்தவரே நடித்துவிட்டால் சித்திரிப்பு நியாயமாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். மிஷோவின் படத்தில் கறுப்பின ஆசிரியை சில்வியாவை (ஈவ்லின் பிரீர்) ஒரு வெள்ளையர் தாக்குகிறார். அவள் மார்பில் உள்ள தழும்பைக் கண்டதும், அவள் தன் மகள் என்று அவருக்குத் தெரிகிறது. அவளை வளர்த்தவர்களை வெள்ளையர் கும்பல் கொல்லும் காட்சியோடு இது மாறி மாறிக் காட்டப்படுகிறது. முதல் படத்தில் தழும்பு கும்பலின் வெறிக்கு நியாயம் தேடித் தருகிறது. இரண்டாவதில் குற்றவாளி யார் என்று காட்டுகிறது. விடையின் மையமாக இதை வையுங்கள்.

மதிப்பெண் அதிகம் கரைவது படப்பிரதி விஷயத்தில். 1918 மறுவெளியீட்டில் ‘தி சீட்’ வில்லனை, டைட்டில் கார்டுகளை (காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்துகளை) மாற்றியே, பர்மியராக்கிவிட்டார்கள். பெயரும் டோரியிலிருந்து அரக்காவ் ஆனது. இன்று பரவலாகக் கிடைப்பது அந்தப் பிரதிதான். அதைப் பார்த்துவிட்டு, 1915-இல் பர்மிய வில்லன் என்று எழுதினால் பிழை. மிஷோவின் படமோ பல பத்தாண்டுகள் தொலைந்திருந்து, ஸ்பெயினில் கிடைத்த பிரதியிலிருந்து மீட்கப்பட்டது. கார்டுகளில் பெரும்பாலானவை ஸ்பானிய மொழியிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்கப்பட்டவை. எனவே அவற்றை மிஷோவின் சொந்தச் சொற்களாக மேற்கோள் காட்டாதீர்கள். காட்சியமைப்பையும் படத்தொகுப்பையும் ஆதாரமாக்குங்கள்.

முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பின்னணி இசை பெரும்பாலும் பிற்காலச் சேர்க்கை. அது தரும் சோகத்தைப் படத்தின் சோகமாக எண்ணிவிடுவோம். நடிகர்கள் துள்ளித் துள்ளி ஓடினால், அந்தப் பிரதியில் படம் ஓடும் வேகம் தவறு. வேறு பிரதி தேடுங்கள்.

45 நிமிட விடையில் திட்டத்துக்கு 5, இரு காட்சிகளுக்கும் தலா 15, மீதியை ஒரு மாற்றுச் சான்றுக்கு ஒதுக்குங்கள். கறுப்பினத்தவரை இழிவாகச் சித்திரித்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915) பற்றி இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்; தொடங்கினால் நேரத்தை விழுங்கிவிடும். மாற்றுச் சான்றுக்கு ‘தி டோல் ஆஃப் தி சீ’ (1922) நன்றாகப் பொருந்தும். சீன அமெரிக்க நடிகை அன்னா மே வோங்குக்கு அதில் நாயகி வேடமும் நம் முழு இரக்கமும் கிடைக்கின்றன, ஆனாலும் பெற்ற பிள்ளையை வெள்ளைத் தம்பதியிடம் கொடுத்துவிட்டு உயிரை விடுவதுதான் கதை அவளுக்கு வைத்திருக்கும் முடிவு.