சாரல் காலத்துக் கேமராக்கள்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் ஆரியங்காவு கணவாய் வழியே காற்று இறங்கும். கூடவே சாரலும் வரும். வீடுகளுக்குக் கண்காணிப்பு கேமரா பொருத்தும் எனக்கு அந்த மாதங்களில் புது வேலையைவிடப் புகார்கள்தான் அதிகம். எல்லாம் ஒரே புகார்: ஆளே வரவில்லை, ஆனால் ராத்திரி முழுவதும் போன் அலறுகிறது.

கேமராவுக்குத் திருடனைத் தெரியாது. முந்தைய காட்சியையும் அடுத்த காட்சியையும் ஒப்பிட்டு, மாற்றம் கண்டால் எச்சரிக்கும். காற்றில் ஆடும் வாழை இலையும் அதற்கு மாற்றம்தான். இரவில் லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது நிலைமை இன்னும் மோசம். லென்ஸுக்கு அருகே விழும் சாரல் துளி அந்த ஒளியைத் திருப்பியடித்து வெள்ளைக் கோடாகப் பதிகிறது. ஒற்றைச் சிலந்தி இழை, திரையில் தாம்புக்கயிறு தடிமனுக்கு ஊசலாடுகிறது.

புளியரையில் ஒரு வீடு. அம்மா தனியாக இருக்கிறார், மகன் கத்தாரில். இங்கே ராத்திரி இரண்டு மணி என்றால் அங்கே பதினொன்றரை. தூங்கப் போகும் நேரத்தில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. பொறுக்க முடியாமல் அவர் அறிவிப்பையே நிறுத்திவிட்டார். இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். கேமரா சுவரில் இருக்கிறது, பதிவும் ஆகிறது, ஆனால் அம்மாவுக்கு ஒன்று என்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். கொல்லம் சாலையில் திரும்பும் லாரிகளின் விளக்கு வெளிச்சம் மதில் மேல் அடித்துக்கொண்டே இருந்தது. கேமராவின் மூடியில் ஒட்டடை. இப்படிப்பட்ட இடங்களில் பலர் முதலில் கைவைப்பது உணர்திறனில். அதைக் குறைத்தால் அலறல் குறையும். இருட்டில் மெதுவாக நடந்து வருகிற ஆளும் தப்பிவிடுவான். எனவே அதை நான் கடைசிவரை தொடுவதில்லை.

ஒட்டடையைத் துடைத்தேன். சாரல் நேரே அடிக்காதபடி கேமராவைத் தாழ்வாரத்துக்குள் தள்ளி, சாலையைப் பார்க்காமல் திருப்பினேன். வாசல் கதவிலிருந்து படி வரை மட்டும் கண்காணிப்பு எல்லை வரைந்து, மனிதர்களைக் கண்டால் மட்டும் எச்சரிக்கும் வசதியைப் போட்டேன். கேமராவின் சொந்த அகச்சிவப்பு விளக்கை அணைத்து, சற்றுத் தள்ளித் தனி விளக்கு ஒன்றை மாட்டினேன். பூச்சிகள் அந்த விளக்கைத் தேடிப் போகும். சிலந்தியும் அவற்றின் பின்னாலேயே போய்விடும். செலவு கொஞ்சம்தான், பலன் பெரிது. பேட்டரியில் ஓடும் கேமராவாக இருந்தால் இன்னொன்றும் பார்ப்பேன். அதன் உணரி உடல் வெப்பத்தின் நகர்வை அறிவது. நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை விரைவில் பிடிக்கும். அதனால் நடைபாதை அதன் பார்வைக்குக் குறுக்கே அமைய வேண்டும்.

பின்பக்கக் கேமராவிலும் அதே வசதியைப் போடப் போனபோது அம்மா தடுத்தார். “தம்பி, எனக்குத் திருடனைவிடக் காட்டுப்பன்றிதான் பயம். வாழை எல்லாம் போய்விடும்.” அவர் சொன்னதே சரி. மனிதர்கள் மட்டும் என்று போட்டிருந்தால், அந்த வீட்டுக்கு மிகவும் தேவையான எச்சரிக்கையே நின்றுபோயிருக்கும். அந்தக் கேமராவுக்கு விலங்குகளையும் சேர்த்தேன்; தரையோடு ஒட்டிய வரப்புப் பகுதியை மட்டும் எல்லையாக வைத்து, ஆடும் இலைகளை வெளியே விட்டேன். பன்றி வந்தால் கத்தாரில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அந்த எச்சரிக்கை பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் போனுக்குப் போகும்படி செய்தேன். வாசல் கேமராவின் அறிவிப்பை மகன் அன்றே மறுபடி திறந்துவிட்டார்.