பந்து கையில் இல்லாதபோது

போன சனிக்கிழமை பாஸ்கெட்பால் மேட்ச் முடிந்து காரில் ஏறியதும் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அப்பா, இன்னைக்கு யாருமே எனக்கு பந்து குடுக்கலை." நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். மூலையில் போய் நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். நின்றால் எப்படி வரும்? அதைக் காரில் சொன்னால் சண்டைதான். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அப்புறம் யூடியூபில் டேவிட்சன் கல்லூரி அணியின் 2008 மேட்ச்களைப் போட்டேன்.

டேவிட்சன் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். அமெரிக்காவின் சார்லட் நகருக்கு வடக்கே, இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத கல்லூரி. நான் இந்த ஊருக்கு வந்தது 2011இல். மூன்று வருஷம் முந்தியிருக்கக் கூடாதா என்ற வயிற்றெரிச்சல் இன்னும் உண்டு.

அப்போது டேவிட்சனில் ஆடிய ஸ்டீஃபன் கரி என்றால் தூரத்திலிருந்து போடுகிறவர் என்று மகளுக்கும் தெரியும். "பந்தைப் பார்க்காதே, 30ஆம் நம்பர் பனியனை மட்டும் பார்" என்றேன்.

அந்த சீசனில் பந்தைக் கொண்டுவந்தவர் ஜேசன் ரிச்சர்ட்ஸ். அசிஸ்ட்டில், அதாவது கூடை விழவைக்கும் பாஸ் கொடுப்பதில், நாட்டிலேயே முதலிடம். கரி கூடைக்கு அடியிலிருந்து ஓட ஆரம்பிப்பார். வழியில் சக வீரர் ஆண்ட்ரூ லவ்டேல் சுவர் மாதிரி நிற்பார், இதற்குப் பேர்தான் ஸ்கிரீன். அவர் இடுப்பில் தன் தோள் உரசும் அளவுக்கு ஒட்டிப் போவார் கரி. இடைவெளி விட்டால் துரத்துகிற எதிரணிக்காரனும் அதில் நுழைந்துவிடுவான், ஸ்கிரீன் வீண். அவன் பின்னாலேயே ஒட்டி வந்தால், கரி வளைந்து கூடைப் பக்கம் திரும்புவார். குறுக்கு வழியில் முந்தப் பார்த்தால், அப்படியே பின்வாங்கி மூலைக்குப் போய்விடுவார். இந்த முடிவு அரை நொடியில். பந்து வருவது அதற்கப்புறம்தான்.

எனக்குப் பிடித்தது இதன் இன்னொரு பாதி. கரி போட்டுவிடுவாரே என்ற பயத்தில் இரண்டு பேர் அவரோடு போனால், ஸ்கிரீன் போட்டவர் கூடைக்கருகில் தனியாக நிற்பார். குறி தவறாத ஷூட்டர் ஒருவர் ஓடினாலே போதும், மற்ற நாலு பேருக்கும் இடம் கிடைத்துவிடும். பயிற்சியாளர் பாப் மெக்கில்லப்பின் ஆட்டமே இந்த ஓட்டத்தில்தான் நின்றது.

கொன்சாகா கல்லூரி அணிக்கு எதிராக கரி 40 புள்ளி, அதில் 30 இரண்டாம் பாதியில். ஜார்ஜ்டவுனிடம் 17 புள்ளி பின்தங்கியிருந்து ஜெயித்தார்கள். கான்சஸிடம் 59-57 என்று தோற்ற மேட்சின் கடைசி நொடிகளை மட்டும் நான் தாண்டி ஓட்டிவிட்டேன். இரண்டு பேர் கரியை மறித்தார்கள், பந்து ரிச்சர்ட்ஸிடம் போனது, தூரத்திலிருந்து போட்டார், விழவில்லை. அதைத் திரும்பப் பார்க்க மனசு வராது.

அதே வருஷம் நவம்பரில் நடந்த லயோலா மேட்ச் கதையைத்தான் நான் கடைசிக்கு வைத்திருந்தேன். மேரிலாந்தின் லயோலா அணி, மேட்ச் முழுக்க கரிமேல் இரண்டு பேரை ஒட்டவைத்தது. கரி என்ன செய்தார்? மூலையில் போய் நின்றுகொண்டார், அந்த இரண்டு பேரும் கூடவே! மிச்சமிருந்தது நாலுக்கு மூணு. கரி போட்டுப் பார்த்ததே மூன்று முறை, எடுத்தது பூஜ்யம். டேவிட்சன் 78-48 என்று ஜெயித்தது.

"பார்த்தீங்களா, அவரும் மூலையிலதான் நின்னாரு!"

அவள் இப்படி மடக்குவாள் என்று நான் யோசிக்கவே இல்லை. "சரி, உன்மேல ரெண்டு பேர் நின்னாங்களா?" என்றேன். பதில் இல்லை.

ஞாயிறு காலை கராஜில் ஒரு சாப்பாட்டு மேஜை நாற்காலியை லவ்டேலாக நிறுத்தினோம். துரத்துகிறவன் நான், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. முதல் பத்து தடவை நாற்காலியை விட்டு ஒரு முழம் தள்ளியே ஓடினாள். பதினோராவது தடவை சரியாக உரசிக்கொண்டு போனாள், நான் நேராக நாற்காலியில் மோதிக் கவிழ்த்தேன். எழுந்திருப்பதற்குள், "ஃபவுல் என்னோடது இல்லை" என்று குரல் வந்தது.