டம்ளரில் ஒரு பல்

காலையில் தண்ணீர் என்று நினைத்து எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். உள்ளே ரோஸ் நிறத் தகட்டோடு ஒற்றைப் பல்!

மகனுடைய செயற்கைப் பல். அவனுக்கு வயது 12. சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்பல் போனது.

"இம்பிளான்ட்டே வைத்துவிடலாமே டாக்டர்?" என்று கேட்டிருந்தேன். தாடை எலும்பிலேயே பதிக்கும் செயற்கைப் பல் அது. தாடை இன்னும் வளரும், பக்கத்துப் பற்களும் அதோடு இறங்கும், எலும்போடு ஒட்டிய இம்பிளான்ட் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று குட்டையாகத் தெரியுமாம். வளர்ச்சி முடிய 18 வயதுக்கு மேலும் ஆகலாம். அதுவரை கழற்றி மாட்டும் இந்தப் பல்தான். அதையும் வளர வளர மாற்ற வேண்டும். செலவு தனி.

முதல் வாரம் 'சாப்பாடு' அவன் வாயில் 'தாப்பாடு' ஆனது. அப்புறம் பழகிவிட்டது. இப்போது வகுப்பில் நாக்கால் பல்லை வெளியே தள்ளிக் காட்டி, பயல்களை அலற விடுகிறானாம்.

போன மாதம் வரை வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தவன்.