குடிநீர்த் தொட்டி மதிப்பீடு: 2011 கணக்கில் எங்கள் தெருக்களே இல்லை

எங்கள் ஊராட்சிக்கு ஒருவழியாகப் புது மேல்நிலைத் தொட்டி வந்துவிட்டது, அதுவும் நாங்கள் கேட்ட கொள்ளளவில். முதலில் போட்ட மதிப்பீடு அப்படியே போயிருந்தால் பாதி ஊர் இன்னும் லாரித் தண்ணீருக்குத்தான் குடத்தோடு நின்றிருக்கும். உங்கள் ஊரிலும் இந்த வேலை நடக்கிறது என்றால் கொஞ்சம் கவனியுங்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் வேகமாக வளரும் ஊர், வயலெல்லாம் மனைப்பிரிவாகிவிட்டது. வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், அதாவது ஆயிரம் பேருக்கு 55,000 லிட்டர். பெருக்கல் சரி, ஆட்களின் எண்ணிக்கைதான் தப்பு. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 மக்கள்தொகையை வைத்தே மதிப்பீடு போட்டிருந்தார்கள். அதில் எங்கள் தெருக்களே கிடையாது! கேட்டால் அலுவலகத்தில் எழுத்தர், "நீங்க சொல்ற எண்ணிக்கைக்கு என்ன ஆதாரம் சார்?" என்று ஃபைலை மூடிவிட்டார்.

ஆதாரம் ஊராட்சியிலேயே இருந்தது, வீட்டு வரிப் பதிவேட்டில். கூடவே அங்கன்வாடியில் இருக்கும் குடும்பக் கணக்கையும் சேர்த்துத் தெருவாரியாகப் பட்டியல் போட்டோம். ரேஷன் கார்டை மட்டும் நம்ப வேண்டாம், வாடகைக்கு இருக்கும் பலருக்குக் கார்டு சொந்த ஊரில்தான் இருக்கும்.

மார்ச் 22 கிராம சபையில் பட்டியலை வாசித்து எல்லோரும் கையெழுத்தும் போட்டாயிற்று. அப்புறம் நகல் வாங்கிப் பார்த்தால், 'குடிநீர் வசதி செய்து தர வேண்டும்' என்று ஒரே வரி, எண்ணிக்கையைக் காணோம். அந்தத் தீர்மானத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள், மே 1 சபை வரை காத்திருந்து மறுபடி போட வேண்டியதாயிற்று. தீர்மானம் எழுதும்போது பக்கத்திலேயே நின்று, வீடு எத்தனை, ஆள் எத்தனை, எந்தெந்தத் தெரு என்பதெல்லாம் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு நகரவும்.

தண்ணீர் பரிசோதனையிலும் ஒரு நாள் வீண். எந்த பாட்டிலில் கொண்டுவந்தாலும் சரி என்று ஆய்வகத்தில் போனில் சொன்னார்கள், நேரில் போனால் கிருமிப் பரிசோதனைக்கு இது ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குக் கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கி, தண்ணீர் பிடித்த கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உப்பு, ஃபுளோரைடு பார்க்கச் சுத்தமான கேன் போதும்.

ஆழ்துளைக் கிணற்றின் ஊற்றைக் கோடையில் சோதிக்கச் சொல்லி விடாமல் கேளுங்கள். மழை முடிந்த கையோடு பார்த்தால் எந்தக் கிணறும் நன்றாகத்தான் கொடுக்கும், மே மாதத்தில்தான் நிஜம் தெரியும். எங்கள் பொறியாளர் இதற்கு உடனே ஒத்துக்கொண்டார், நல்ல மனிதர். திருத்திய மதிப்பீட்டில் தொட்டியும் பெரிதானது, எங்கள் தெருக்களுக்குத் தனிக் குழாயும் கிடைத்தது. இப்போது கடைசி வீடு வரை தண்ணீர் ஏறுகிறது, குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிற நாலைந்து வீடுகளை மட்டும் இனிமேல்தான் ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும்.