ஊசி ஒன்று, பஸ் இரண்டு

தை மாதம் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற காலம். பின்னேரமானால் காய்ச்சல், விடிந்தால் தலையிடி. படுத்தால் கடை ஓடாது என்று இரண்டு கிழமையாகப் பனடோலைப் போட்டுக்கொண்டு மெசினுக்கு முன்னால் இருந்தேன். ஒருநாள் வாசலில் நின்று பார்க்கிறேன், நிலாவெளிப் பக்கம் போகிற பஸ் இரண்டாக வருகிறது. பக்கத்தில் பக்கத்தில், ஒட்டினாற்போல. உள்ளே வந்து ஊசியில் நூல் கோத்தேன். முதல் தரமே போய்விட்டது.

அதில்தான் ஏமாந்தேன். கிட்டப் பார்த்தால் ஒன்று, தூரத்தில் பார்த்தால் இரண்டு. "நூல் கோக்கிறீங்க, பிறகென்ன கண்ணில குறை?" என்று மனைவியும் கேட்டாள்.

தனியாரிடம் ஒரு கண் பார்க்கும் இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி எழுத்து வாசிக்கச் சொன்னார்கள். தனித்தனியாக இரண்டு கண்ணும் நன்றாகத்தான் வாசித்தன. இரண்டையும் சேர்த்துத் திறந்தால்தானே பிரச்சினை! களைப்பு என்று சொட்டு மருந்து தந்தார்கள். காய்ச்சலைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. கண்ணுக்கு வந்த இடத்தில் அதை ஏன் சொல்வான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் விடிய சத்தி எடுத்தது. கண்டபடி உளறினேனாம். மனைவியும் மச்சானும் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இளம் டொக்டர் பிள்ளை பேனாவை என் முகத்துக்கு முன்னால் பிடித்து, தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னா. வலது பக்கம் இரண்டு கண்ணும் போனது. இடது பக்கம் கொண்டுபோனபோது இடது கண் நடுவிலேயே நின்றுவிட்டது. அடுத்து, நாடியை நெஞ்சில் முட்டச் சொன்னா. முடியவில்லை, கழுத்து பலகை மாதிரி இருந்தது. அவ முகம் மாறியதைக் கண்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

முதலில் தலையை ஸ்கான் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். இறால் மாதிரிச் சுருண்டு படுக்க வேண்டும். பயந்த அளவுக்கு நோகவில்லை. நீரில் சீனி குறைவு, புரதம் அதிகம். காசநோய்க் கிருமி மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் பிடித்திருக்கலாம் என்றார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கக் கிழமைக் கணக்காகும், அதுவரை காத்திருக்க ஏலாது என்று அன்றே மருந்து தொடங்கினார்கள். "இருமலே இல்லையே டொக்டர்" என்றேன். எங்கள் ஆச்சி கசம் என்று சொல்கிற வருத்தம் நெஞ்சில் மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

கண்ணுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றனவாம். வெளிப்பக்கம் இழுக்கிற தசைக்கென்று தனியாக ஒரு நரம்பு, மூளையிலிருந்து வருகிற ஆறாம் நரம்பு. அது மண்டையோட்டின் அடிப்பகுதியால் நீளமாக ஓடி வருகிறது. இந்தக் கிருமியால் பசை மாதிரிக் கசடு கட்டுவதும் பெரும்பாலும் அந்த அடிப்பகுதியில்தான். தலைக்குள் அழுத்தம் கூடினாலும் முதலில் அடிபடக்கூடியது அந்த நரம்பே. கண் பழுதாகவில்லை, அதை இழுக்கிற கயிறுதான் தளர்ந்துவிட்டது. தூரத்தைப் பார்க்கத்தான் அந்தக் கயிறு அதிகம் வேண்டும். ஊசியில் நூல் கோக்கக் கண்கள் உள்பக்கம் திரும்பினால் போதும்.

மொத்தம் 12 மாத மருந்து. முதல் 2 மாதம் நாலு வகை, பிறகு இரண்டு. அதோடு சில கிழமைக்கு வீக்கம் குறைக்கும் ஸ்டீரொய்ட். காசநோய் மருந்து அரசாங்கத்தில் இலவசம்தான், ஆனால் ஆள் பார்த்திருக்கக் குளிசையை விழுங்க வேண்டும். முதல்நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதும் இரத்தமென்று பதறினேன். மருந்தின் நிறம்தானாம். அந்த நாலில் எதம்பியூட்டோல் என்ற ஒன்று பார்வை நரம்பைத் தாக்கக்கூடும், சிவப்பும் பச்சையும் மங்கினால் உடனே வரச் சொன்னார்கள். சரி, தையல்காரனிடமா நூல் இல்லை? ஒவ்வொரு காலையும் சிவப்புக் கட்டை, பச்சைக் கட்டை இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி.

இரண்டு உருவத்துக்குக் கண்ணாடியின் இடது பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டினார்கள். பஸ் ஒன்றானது, ஆனால் ஆழம் தெரியவில்லை. தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன், வீட்டுப்படியில் இரண்டு தரம் தடுக்கினேன். பிறகு கிளினிக்கில் டேப்பை எடுத்துவிட்டு, மெல்லிய கோடுகள் போட்ட, வெளிச்சத்தை வளைக்கிற பிரிசம் ஒட்டினார்கள். நேரே பார்த்தால் ஒன்றாகவே தெரிந்தது. சத்திரசிகிச்சை பற்றிக் கேட்டேன். நரம்பு தானாகத் திரும்பக்கூடும், குறைந்தது 6 மாதமாவது பார்ப்போம் என்றார்கள்.

அந்த மாதங்களில் எடுத்த படங்களில் எல்லாம் என் முகம் இடது பக்கம் திரும்பித்தான் இருக்கிறது. நானாகத் திருப்பியதில்லை. இரண்டு ஒன்றாகிற கோணத்தைக் கழுத்து தானே கண்டுபிடித்துவிட்டது.

ஐந்தாம் மாதம் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசல் தாண்டி மரத்தடியில் மான்கள் நின்றன. பிரிசக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எத்தனை என்று சொல்லச் சொன்னாள் மனைவி. ஐந்து என்றேன்.

"நாலு. இடது கரையில நிக்கிறது ஒண்டுதான்."