சத்தமில்லாத டயர் தேடுகிறோம்

அண்ணனின் பிஎம்டபிள்யூ 5 சீரிஸுக்கு டயர் மாற்ற வேண்டும். அவர் கேட்பது இரண்டுதான்: நிறைய நாள் உழைக்க வேண்டும், ஈசிஆரில் சென்னை போகும்போது பின் சீட்டில் அம்மா பேசுவது காதில் விழ வேண்டும்.

இப்போது இருப்பது ரன்-ஃப்ளாட். காற்று இறங்கினாலும் மெதுவாகக் கொஞ்ச தூரம் போகலாம் என்பதற்காக சைடுவாலை (டயரின் பக்கச் சுவரை) தடிப்பாகச் செய்திருப்பார்கள். கடலூர் சாலையில் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடத்தின் அதிர்வும் சீட்டு வரை வருவது அந்த விறைப்பால்தான். சாதாரண டயருக்கே மாறச் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் இருந்தே ஆக வேண்டும்.

சில டயர்களின் சைடுவாலில் 'ட்ரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸில் அது 300. பிடிப்பில் அருமையான டயர், ஆனால் அண்ணனின் ஓட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பொதுவாக எண் கூடினால் ஆயுளும் கூடும் (ஒரே கம்பெனிக்குள் ஒப்பிடுவதுதான் சரி). அதனால் மிஷெலினின் ப்ரைமஸி போன்ற டூரிங் வகைதான் (நீண்ட, சொகுசான பயணத்துக்கானது) என் தேர்வு. உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய டயர்கள் இன்னும் அமைதி. பஞ்சர் ஒட்டும்போது அந்த ஸ்பாஞ்சை வெட்டி எடுக்க வேண்டும் என்பதால் வேண்டாம் என்றேன்.

அப்புறம் தயாரிப்புத் தேதி. சைடுவாலில் உள்ள நான்கு இலக்க எண் 2325 என்றிருந்தால் 2025-ன் 23ஆம் வாரம். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் பழைய ஸ்டாக் வேண்டாம்.

பாண்டியில் நான்கு சக்கரத்துக்கும் நிதானமாக அலைன்மென்ட் பார்க்கும் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இந்த வாரமே போகிறோம்.